சோர்ஸிலிருந்து தொடங்குங்கள்: எல்சி-எம்எஸ் அயனியாக்க முறைகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

"அக்கா, யூவியில் இவ்வளவு பெரிய பீக் நிற்கிறதே, மாஸில் ஏன் ஒன்றுமே இல்லை?"

எங்கள் ஆய்வகத்துக்குப் புதிதாக வந்த பெண் கேட்ட கேள்வி இது. எங்கள் கருவி எல்சி-எம்எஸ்: கலவையைப் பிரிக்கும் திரவ குரோமட்டோகிராஃபியும் (எல்சி), பிரிந்து வருவதை நிறையைக் கொண்டு அடையாளம் காணும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரும் (எம்எஸ்) இணைந்தது. மாதிரி, வைட்டமின் டி3. யூவி டிடெக்டரில் 265 நானோமீட்டரில் பீக் நிமிர்ந்து நிற்கிறது. அதே திரவம் சில நொடிகளில் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டருக்குப் போகிறது; அங்கே கோடு ஏறக்குறையத் தரையோடு கிடக்கிறது. இரண்டு வாரம் அவள் பிரிப்புக் குழாயை மாற்றினாள், கிரேடியன்ட்டை (கரைப்பான் கலவையை நேரத்தோடு மாற்றும் திட்டத்தை) மாற்றினாள், மாதிரியைப் புதிதாகக் கரைத்தாள். அவள் செய்த எதிலும் பிழை இல்லை. பூட்டியிருந்த சோர்ஸ், அதாவது பொருளை அயனியாக்கும் பகுதி, அந்த மூலக்கூறுக்குப் பொருந்தவில்லை, அவ்வளவுதான். ஏபிசிஐ என்ற வேறு வகைச் சோர்ஸை மாட்டிய அன்றே 385, 367 என்ற எம்/இசட் எண்களில் (நிறையை மின்சுமையால் வகுத்தவை) அயனிகள் தெளிவாக வந்துவிட்டன.

யூவி டிடெக்டர் மூலக்கூறைப் பார்க்கும். மாஸ் அயனியை மட்டும்தான் பார்க்கும். நாம் அயனியாக்காத பொருள் அந்தக் கருவியைப் பொறுத்தவரை இல்லாத பொருள். இவ்வளவு எளிய விஷயம்தான், ஆனாலும் பெரும்பாலான ஆய்வகங்களில் முதலில் குழாய், பிறகு கிரேடியன்ட், கடைசியில்தான் சோர்ஸ் என்று வேலை நடக்கிறது. என் அனுபவத்தில் அந்த வரிசையைத் திருப்பிப் போட்டால் பாதி நாட்கள் மிச்சமாகும். இந்த வழிகாட்டியும் அந்தத் திருப்பிய வரிசையில்தான் போகிறது.

சிக்கல் எங்கே ஆரம்பிக்கிறது

எல்சி பம்ப் நிமிடத்துக்கு 0.4 மி.லி. திரவத்தைத் தள்ளுகிறது என்று வைத்துக்கொள்வோம். 1 மி.லி. தண்ணீர் முழுவதும் ஆவியானால், சாதாரணக் காற்றழுத்தத்திலேயே 1,200 மி.லி.க்கு மேல் இடம் பிடிக்கும். மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரின் உள்ளே இருப்பதோ காற்றழுத்தத்தைவிடப் பல கோடி மடங்கு குறைந்த வெற்றிடம். இவ்வளவு ஆவியை உள்ளே விட்டால் எந்த வெற்றிட பம்ப்பும் தாங்காது. இது முதல் தடை. இரண்டாவது, எல்சியில் ஓடும் பொருட்களில் பல, சூடாக்கினால் ஆவியாவதற்கு முன்பே சிதைந்துவிடும். மூன்றாவது, பிஎச்சை நிலையாக வைக்கக் கலக்கும் பஃபர் உப்பு; அது படிந்து அடைத்துவிடும்.

1970-களிலும் 80-களிலும் இதற்குப் பல வழிகள் முயன்று பார்க்கப்பட்டன. நகரும் பட்டையில் திரவத்தை ஊற்றி, காயவைத்து, வெற்றிடத்துக்குள் கொண்டுபோனார்கள். தெர்மோஸ்பிரே வந்தது, பார்ட்டிக்கிள் பீம் வந்தது. தெர்மோஸ்பிரே சில ஆண்டுகள் நன்றாகவே பயன்பட்டது. ஆனாலும் நிலைத்து நின்றவை, அயனியாக்கத்தை வெற்றிடத்துக்கு வெளியே, காற்றழுத்தத்திலேயே செய்த முறைகள்தான். அயனிகளை வெளியே உருவாக்கி, மின்புலத்தால் சிறு துளை வழியே உள்ளே இழுத்துக்கொண்டு, கரைப்பான் ஆவியை வெளியே விட்டுவிடலாம். இன்று நாம் பயன்படுத்தும் இஎஸ்ஐ (எலக்ட்ரோஸ்பிரே அயனியாக்கம்), ஏபிசிஐ (காற்றழுத்த வேதி அயனியாக்கம்), ஏபிபிஐ (காற்றழுத்த ஒளி அயனியாக்கம்) மூன்றும் இந்த வழியில் வந்தவையே.

முதல் படி: மூலக்கூறின் படத்தை வரையுங்கள்

கருவியைத் தொடுவதற்கு முன் ஒரு தாளில் மூலக்கூறின் அமைப்பை வரைந்து நான்கு கேள்விகள் கேளுங்கள். புரோட்டானை ஏற்கும் அமீன் போன்ற இடம் இருக்கிறதா? புரோட்டானைக் கொடுக்கும் கார்பாக்சிலிக் அமிலம், பீனால் போன்ற இடம் இருக்கிறதா? இரண்டும் இல்லையென்றால், சிதையாமல் ஆவியாகுமா? மூலக்கூறு நிறை எவ்வளவு?

ப்ரொப்ரனலால் என்ற மருந்தை எடுங்கள். அமீன் இருக்கிறது, பிகேஏ (பாதி மூலக்கூறுகளில் புரோட்டான் ஏறியிருக்கும் பிஎச்) சுமார் 9.5. அமிலக் கரைசலில் ஏற்கெனவே புரோட்டான் ஏறி அயனியாகத்தான் திரிகிறது. பாசிட்டிவ் இஎஸ்ஐயில் 260 வரும், யோசிக்க வேண்டியதே இல்லை. இபுப்ரூஃபன் கார்பாக்சிலிக் அமிலம். பிகேஏ 5-க்குச் சற்றுக் கீழே. நெகட்டிவ் இஎஸ்ஐயில் 205, அது உடைந்து கார்பன் டை ஆக்சைடை இழந்தால் 161. வைட்டமின் டி3-யில் ஒரே ஒரு ஹைட்ராக்சில், மற்றதெல்லாம் ஹைட்ரோகார்பன். கரைசலில் அது அயனியாக இருக்கவே இருக்காது, ஆனால் ஆவியாகும். ஆக ஏபிசிஐ. பென்சோபைரீன் போன்ற பல வளைய ஹைட்ரோகார்பனில் புரோட்டான் பிடிக்க வசதியான ஓர் அணுகூட இல்லை. அதற்கு ஏபிபிஐதான் இயல்பான இடம்.

காஃபீனையும் இங்கே சொல்லியாக வேண்டும். அதன் இணை அமிலத்தின் பிகேஏ 1-க்கும் கீழே. பாடப்புத்தகக் கணக்குப்படி, 0.1 சதவீத ஃபார்மிக் அமிலத்தில் (பிஎச் சுமார் 2.7) காஃபீன் புரோட்டான் ஏற்காமல்தான் இருக்க வேண்டும். ஆனால் பாசிட்டிவ் இஎஸ்ஐயில் 195 அருமையாக வரும். துளி சுருங்கும்போது அதற்குள் அமிலத்தன்மை ஏறுகிறது. வாயு நிலையில் புரோட்டானுக்கான போட்டியோ முற்றிலும் வேறு விதிப்படி நடக்கிறது. அதனால் பிகேஏவை வழிகாட்டியாக வையுங்கள், நீதிபதியாக வைக்காதீர்கள்.

இரண்டாம் படி: மூன்று சோர்ஸ்களும் உள்ளே என்ன செய்கின்றன

இஎஸ்ஐ, அதாவது எலக்ட்ரோஸ்பிரே. ஊசி முனைக்கும் கருவியின் நுழைவாய்க்கும் இடையே 3 முதல் 4 கிலோவோல்ட் கொடுக்கிறோம். பாசிட்டிவ் நிலையில் நேர் அயனிகள் திரவத்தின் மேற்பரப்புக்குத் தள்ளப்படுகின்றன. முனையில் உருண்டையாக நிற்க வேண்டிய திரவம் இழுபட்டுக் கூம்பாகிறது, 1964-ல் ஜி.ஐ. டெய்லர் கணித முறையில் விளக்கியதால் அது டெய்லர் கூம்பு எனப்படுகிறது. கூம்பின் நுனியிலிருந்து மின்சுமை ஏறிய நுண்துளிகள் பறக்கின்றன. சூடான நைட்ரஜன் அவற்றை உலர்த்துகிறது. துளி சுருங்குகிறது, மின்சுமை அப்படியே இருக்கிறது, ஒன்றையொன்று தள்ளும் விசை கூடிக்கொண்டே போகிறது. ஒரு கட்டத்தில் பரப்பு இழுவிசையால் துளியைக் கட்டிவைக்க முடியாது. அந்த எல்லையை ரேலி 1882-லேயே கணக்கிட்டுவிட்டார். அங்கே துளி வெடிக்கிறது. வெடிப்பது என்றால் இரண்டாகப் பிளப்பது என்று நினைக்க வேண்டாம். நுனியிலிருந்து மிகச் சிறு துளிகளைச் சிதறவிடுகிறது. ஒரு வெடிப்பில் நிறையில் சுமார் 2 சதவீதம்தான் போகும், மின்சுமையிலோ சுமார் 15 சதவீதம் போய்விடும். அந்தக் குட்டித் துளிகள் மறுபடி சுருங்கி, மறுபடி வெடிக்கின்றன.

கடைசியில் அயனி எப்படி வெளியே வருகிறது என்பதற்கு இரண்டு விளக்கங்கள் உண்டு. சிறு அயனிகள் துளியின் மேற்பரப்பிலிருந்து நேராக வெளியே தாவுகின்றன என்பது இரிபார்னும் தாம்சனும் 1976-ல் முன்வைத்த கருத்து. புரதம் போன்ற பெரிய மூலக்கூறுகளில், சுற்றியிருந்த கரைப்பான் முழுவதும் போய், மிஞ்சிய மின்சுமை மூலக்கூறின் மேலேயே தங்கிவிடுகிறது என்பது மால்கம் டோலின் எண்ணம். டோல் 1968-லேயே பாலிஸ்டைரீனை வைத்து எலக்ட்ரோஸ்பிரே சோதனைகளைச் செய்தவர். அதை மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரியோடு ஒழுங்காக இணைத்தது 1984-ல், யேல் பல்கலைக்கழகத்தில் ஜான் ஃபென்னும் மசாமிச்சி யமஷிடாவும். 1980-களின் கடைசியில் ஃபென்னின் குழு புரதங்களில் பல மின்சுமைகள் ஏறுவதைக் காட்டியபோதுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. 2002-ல், 85 வயதில், அவருக்கு வேதியியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. யமஷிடாவோடு முதல் கட்டுரைகளை எழுதியபோதே அவருக்கு வயது 67. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனது நிறைந்துவிடும்.

வேலைக்கு வேண்டிய பாடம் ஒன்று இந்த இயக்கத்திலேயே இருக்கிறது: இஎஸ்ஐயில் எல்லாம் துளியின் மேற்பரப்பில் இடம் பிடிக்கும் போட்டி. மேற்பரப்பை விரும்பும் மூலக்கூறு முந்தும். உப்பும் சோப்பும் இடத்தைப் பிடித்துக்கொண்டால் நம் மூலக்கூறு உள்ளேயே கிடக்கும். துளிகளில் மின்சுமைக்கும் அளவு உண்டு. ஆகவே சுமார் 10 மைக்ரோமோலார் செறிவுக்கு மேல் சிக்னல் நேர்கோட்டில் ஏறாமல் வளைந்துவிடும்.

ஏபிசிஐ வேறு மாதிரி. இங்கே திரவத்தை முதலில் 350 முதல் 500 டிகிரி வரை சூடான குழலில் முழுவதும் ஆவியாக்கிவிடுகிறோம். மின்சுமை துளிக்குத் தரப்படுவதில்லை. ஆவியின் நடுவே ஒரு கூர் ஊசி. அதில் சில மைக்ரோஆம்பியர் கொரோனா மின்பாய்ச்சல். எலக்ட்ரான்கள் முதலில் நைட்ரஜனை அயனியாக்கும், நைட்ரஜன் நீராவிக்குக் கொடுக்கும், நீராவியிலிருந்து ஹைட்ரோனியம் கொத்துகள் பிறக்கும், அவை புரோட்டானை நம் மூலக்கூறிடம் ஒப்படைக்கும். நீர் பிடித்திருப்பதைவிட நம் மூலக்கூறு புரோட்டானை இறுக்கமாகப் பிடிக்க வேண்டும், அது ஒன்றே நிபந்தனை. புரோட்டான் நாட்டத்தின் எண்கள் இங்கே கைகொடுக்கும்: நீர் 691, மெத்தனால் 754, அசிட்டோநைட்ரைல் 779, அமோனியா 854 கிலோஜூல்/மோல். அசிட்டோநைட்ரைல் புரோட்டானை மெத்தனாலைவிட இறுக்கமாகப் பிடித்துக்கொள்கிறது. அதனால் வைட்டமின் டி, ஸ்டீராய்டு போன்றவற்றுக்கு ஏபிசிஐயில் மெத்தனாலைத்தான் முதலில் முயலச் சொல்வேன். ஹூஸ்டனில் உள்ள பேலர் மருத்துவக் கல்லூரியில் ஹார்னிங் குழு 1970-களின் முற்பகுதியில் இந்த முறையை உருவாக்கியபோது, எலக்ட்ரான்களுக்குக் கதிரியக்க நிக்கல்-63-ஐத்தான் பயன்படுத்தினார்கள். கொரோனா ஊசி அதற்குப் பின் வந்தது.

ஏபிசிஐயில் பெரும்பாலும் ஒற்றை மின்சுமைதான். ஆகவே புரதம், பெரிய பெப்டைடு இங்கே வேண்டாம்; சுமார் 1,500 நிறைக்குக் கீழே, சூடு தாங்கும் பொருட்களுக்கு மட்டும். சூடு காரணமாக நீர் மூலக்கூறு கழன்றுபோவது சகஜம். கொலஸ்ட்ராலின் நிறை 386. ஏபிசிஐயில் 387-ஐத் தேடினால் ஏமாற்றம்தான், 369-ஐத் தேட வேண்டும்.

ஏபிபிஐ மூன்றிலும் இளையது. ராப், கோவி, ப்ரூயின்ஸ் மூவரும் 2000-ல் அறிமுகம் செய்தார்கள். ஊசிக்குப் பதில் கிரிப்டான் விளக்கு. அதன் போட்டான்களின் ஆற்றல் 10.0, 10.6 எலக்ட்ரான் வோல்ட். இதன் அழகு எண்களில்தான் இருக்கிறது. நைட்ரஜனை அயனியாக்க 15.6 வேண்டும், நீருக்கு 12.6, அசிட்டோநைட்ரைலுக்கு 12.2, மெத்தனாலுக்கு 10.8. எதுவும் 10.6-க்குள் அடங்காது. ஆகவே கரைப்பானும் காற்றும் பெரும்பாலும் சும்மா இருக்க, 7.1 போதுமான பென்சோபைரீன் அயனியாகிறது. ஆனால் ஆவிக் கூட்டத்துக்குள் போட்டான் நேராக நம் மூலக்கூறைத் தொடும் வாய்ப்பு குறைவு. அதற்காக 8.8 மட்டுமே தேவைப்படும் டொலுவீனை மொபைல் ஃபேஸின் (குழாய் வழியே ஓடும் கரைப்பானின்) ஓட்டத்தில் 5 முதல் 10 சதவீதம் அளவுக்குக் கலக்கிறார்கள். டொலுவீன் அயனியாகி, தன் மின்சுமையை நம் மூலக்கூறுக்குக் கைமாற்றிவிடும். இப்படி வரும்போது புரோட்டான் ஏறாமல், எலக்ட்ரான் ஒன்றை இழந்த 252 என்ற அயனியே பென்சோபைரீனுக்குத் தெரியும், 253 அல்ல.

மூன்றாம் படி: தேர்வு

கரைசலிலேயே அயனியாகக்கூடியது, துருவத்தன்மை உள்ளது, சூடு தாங்காதது, பெரியது என்றால் இஎஸ்ஐ. நடுத்தரத் துருவத்தன்மை, ஆவியாகும் இயல்பு இருந்தால் ஏபிசிஐ. வளைய ஹைட்ரோகார்பன், கரோட்டினாய்டு போன்றவை என்றால் ஏபிபிஐ. அது கைவசம் இல்லாவிட்டால் ஏபிசிஐ. டெஸ்டோஸ்டிரோன் போன்ற இடைப்பட்டவை இஎஸ்ஐ, ஏபிசிஐ இரண்டிலும் 289 கொடுக்கும். அங்கே எந்தச் சோர்ஸில் மாதிரியின் அழுக்கு குறைவாகத் தொந்தரவு செய்கிறது என்பதைப் பார்த்து முடிவெடுங்கள்.

சோர்ஸை மாற்ற வழியில்லாத ஆய்வகம் என்றால் மூலக்கூறை மாற்றலாம். வைட்டமின் டி-யின் இரட்டைப் பிணைப்பு ஜோடியோடு வினைபுரியும் பிடிஏடி என்ற வினைபொருளைச் சேர்த்தால், இஎஸ்ஐயிலேயே நல்ல சிக்னல் தரும் பொருளாக அது மாறிவிடும். ரத்தத்தில் மிகக் குறைந்த அளவுகளைத் தேடுபவர்கள் இதைத்தான் செய்கிறார்கள். செறிவூட்டிய பால், சமையல் எண்ணெய் போன்றவற்றில் இருக்கும் அளவுகளுக்கு இவ்வளவு சிரமம் தேவையில்லை, ஏபிசிஐ போதும் என்பது என் கருத்து.

நான்காம் படி: மொபைல் ஃபேஸைச் சோர்ஸுக்காகத் தயாரியுங்கள்

விதி ஒன்றுதான்: ஊற்றும் எதுவும் ஆவியாகிப் போய்விட வேண்டும். யூவியில் பல ஆண்டுகள் பழகிய கை, பாஸ்பேட் பஃபரைத் தேடிப் போகும். வேண்டாம். பாஸ்பேட் ஆவியாகாது, நுழைவாயில் வெள்ளைப் படலமாக உட்கார்ந்து, சில மணி நேரத்தில் சிக்னலைக் கொன்றுவிடும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இப்படி அடைபட்ட ஒரு நுழைவாயைச் சுத்தம் செய்ய ஒரு முழு நாள் போனது. அன்றிலிருந்து பாட்டிலில் ஒட்டிய சீட்டைப் படிக்காமல் பம்ப்பை ஓட்டுவதில்லை.

பயன்படுத்தக் கூடியவை சில மட்டுமே. ஃபார்மிக் அமிலம் 0.1 சதவீதம், அசிட்டிக் அமிலம், அமோனியம் ஃபார்மேட், அமோனியம் அசிட்டேட், அமோனியா. உப்புகள் 2 முதல் 10 மில்லிமோலார் வரை போதும். ஃபார்மேட் பிஎச் 3.8-ஐ ஒட்டியும், அசிட்டேட் 4.8-ஐ ஒட்டியும், அமோனியம் 9.2-ஐ ஒட்டியும்தான் உண்மையில் பஃபராக வேலை செய்யும். பிஎச் 7-ல் அமோனியம் அசிட்டேட்டைப் பஃபர் என்று எழுதி வைத்திருப்பார்கள். அந்த இடத்தில் அதற்குப் பிடிமானம் மிகக் குறைவு.

பாசிட்டிவில் அமீன்களுக்குப் பிகேஏவைவிட 2 அலகு குறைந்த பிஎச், நெகட்டிவில் அமிலங்களுக்கு 2 அலகு கூடிய பிஎச் என்பது பொதுக் கணக்கு. காஃபீன் இந்தக் கணக்கை மீறியதைப் பார்த்தோம். எதிர்த் திசையிலும் மீறல் உண்டு: பிஎச் 10-ல் அமோனியா கலந்த மொபைல் ஃபேஸிலும் பல அமீன்கள் பாசிட்டிவில் பிரமாதமாக வரும், ஏனென்றால் அமோனியம் அயனி வாயு நிலையில் புரோட்டானைக் கொடுக்கிறது. பீக்கின் வடிவம் அமிலத்தில் கெட்டால் இதை முயன்று பாருங்கள்.

டிரைஃபுளோரோஅசிட்டிக் அமிலம் பீக்கை அழகாக்கும். ஆனால் அமீனோடு இறுக்கமாக ஜோடி சேர்ந்து சிக்னலைக் குறைக்கும், நெகட்டிவில் 113 என்று பல நாள் எட்டிப் பார்க்கும். டிரைஎத்திலமீன் பாசிட்டிவில் 102 ஆக வந்து, போக மறுக்கும். இரண்டையும் மாஸ் இணைத்த எல்சியில் நான் அனுமதிப்பதில்லை.

கரைப்பானின் விகிதமும் முக்கியம். நீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு 72 மில்லிநியூட்டன், அசிட்டோநைட்ரைலுக்கு 29, மெத்தனாலுக்கு 22. இழுவிசை குறைந்தால் துளி எளிதில் உடையும். ஆகவே குழாயிலிருந்து 5 சதவீத ஆர்கானிக்கில் (மெத்தனால், அசிட்டோநைட்ரைல் போன்ற கரைப்பானில்) வெளியேறும் பொருள் இஎஸ்ஐயில் சோர்ந்தே தெரியும். அதே பொருளைச் சற்றுத் தாமதமாக, 40 சதவீதத்தில் வெளியேற வைத்தால் சிக்னல் பல மடங்கு கூடலாம். அதிகத் துருவத்தன்மையுள்ள பொருட்களுக்கு ஹிலிக் குழாய் (ஆர்கானிக் அதிகமுள்ள ஓட்டத்தில் பிரிப்பது) கைகொடுப்பதற்கும் இது ஒரு காரணம்.

அப்புறம், பாட்டில்கள். சோப்பு போட்டுக் கழுவாதீர்கள். வாயைப் பாராஃபிலிமால் மூடாதீர்கள். எல்சி-எம்எஸ் தரக் கரைப்பான் விலை அதிகம்தான், ஆனால் மலிவான கரைப்பானில் மிச்சம் பிடித்த பணம் பிளாங்க்கில் (நம் பொருள் இல்லாத வெற்று மாதிரியில்) வரும் அழுக்கைத் தேடும் நாட்களில் போய்விடும்.

ஐந்தாம் படி: குழாயில்லாமல் ட்யூன் செய்யுங்கள்

ஒரு மி.லி.க்கு 1 மைக்ரோகிராம் கரைசலைச் சிரிஞ்சு பம்ப்பில் வைத்து, நிமிடத்துக்கு 5 முதல் 10 மைக்ரோலிட்டர் ஓட விடுங்கள். அதை நேராகச் சோர்ஸுக்கு விடாமல், டி-இணைப்பில் எல்சி ஓட்டத்தோடு கலந்து அனுப்புங்கள். பொருள் வெளியேறும்போது இருக்கப்போகும் அதே கரைப்பான் விகிதம், அதே ஓட்ட வேகம். 10 மைக்ரோலிட்டர் ஓட்டத்தில் ட்யூன் செய்த வெப்பநிலை 400 மைக்ரோலிட்டர் ஓட்டத்துக்குச் செல்லாது.

இஎஸ்ஐயில் ஊசி மின்னழுத்தத்தை 500 வோல்ட் படிகளாக ஏற்றுங்கள். சிக்னல் ஏறி, தட்டையாகும் இடத்தில் நிறுத்துங்கள். அதற்கு மேல் போனால் கொரோனா தொடங்கி, சிக்னல் துடிக்க ஆரம்பிக்கும். நெகட்டிவில் இது சீக்கிரமே வரும், ஆகவே அங்கே 2.5 கிலோவோல்ட்டிலிருந்து தொடங்குங்கள். தண்ணீர் அதிகமான மொபைல் ஃபேஸில் தொந்தரவு செய்தால் சிறிது ஐசோப்ரொப்பனால் சேர்த்துப் பாருங்கள். அடுத்து, துளியைச் சிதறடிக்கும் வாயு. பிறகு உலர்த்தும் வாயுவின் அளவும் வெப்பமும். ஓட்டம் கூடினால் இரண்டும் கூட வேண்டும், ஊசியும் நுழைவாயிலிருந்து சற்று விலக வேண்டும்.

கோன் மின்னழுத்தத்தில், அதாவது அயனிகளை நுழைவாய் வழியே உள்ளே இழுக்கும் மின்னழுத்தத்தில், பொறுமையாக இருங்கள். குறைவாக இருந்தால் கரைப்பான் ஒட்டிய கொத்துகள் உள்ளே வரும். அதிகமானால் மூலக்கூறு சோர்ஸிலேயே உடையும். இபுப்ரூஃபனில் எம்எஸ்/எம்எஸ் (ஓர் அயனியைத் தேர்ந்து, வேண்டுமென்றே உடைத்துத் துண்டுகளைப் பார்ப்பது) செய்யாமலே 161 பெரிதாக வந்தால், கோன் அதிகம் என்று அர்த்தம்.

ஏபிசிஐயில் இரண்டு குமிழ்கள்தான் முக்கியம்: ஆவியாக்கியின் வெப்பம், கொரோனா மின்னோட்டம். வெப்பத்தை 50 டிகிரி படிகளில் 300-லிருந்து ஏற்றுங்கள். வைட்டமின் டி3-யில் 385 குறைந்து 367 கூடுவதைக் கண்ணால் பார்க்கலாம். எதை அளக்கப் போகிறீர்களோ அதற்கு ஏற்ற இடத்தில் நிறுத்துங்கள். மின்னோட்டம் 2 முதல் 5 மைக்ரோஆம்பியருக்குள் பெரும்பாலும் அமைந்துவிடும். ஏபிசிஐக்கு நிமிடத்துக்கு 0.5 முதல் 1.5 மி.லி. வரை ஓட்டம் பிடிக்கும். ஓட்டத்தைக் குறைத்தால் இஎஸ்ஐ போல அது பலன் தராது.

ஆறாம் படி: வந்த எண்ணைப் படியுங்கள்

எம்/இசட் என்பது நிறையை மின்சுமையால் வகுத்த எண். ஒற்றை மின்சுமையில், பாசிட்டிவில் நிறையோடு 1 கூடினால் புரோட்டான், 18 கூடினால் அமோனியம், 23 சோடியம், 39 பொட்டாசியம், 42 என்றால் புரோட்டானோடு அசிட்டோநைட்ரைலும் ஒட்டியிருக்கிறது. நெகட்டிவில் 1 குறைந்தால் புரோட்டான் போயிருக்கிறது. 45 கூடினால் ஃபார்மேட், 59 அசிட்டேட், 35 குளோரைடு. புதிய பொருளில் எது மூலக்கூறு அயனி என்று குழம்பினால், 22 இடைவெளியில் ஒரு ஜோடியைத் தேடுங்கள். புரோட்டானும் சோடியமும் அங்கேதான் நிற்கும்.

சோடியம் ஒட்டியதை எம்எஸ்/எம்எஸ்ஸுக்கு எடுக்காதீர்கள். பெரும்பாலும் உடையாது, உடைந்தாலும் பயனுள்ள துண்டு வராது. அதைவிட அமோனியம் ஃபார்மேட் சேர்த்து, சோடியத்தின் இடத்தை அமோனியத்துக்குக் கொடுப்பது மேல்.

புரதங்களில் கணக்கு வேறு. குதிரை இதயத்திலிருந்து எடுத்த, ஹீம் நீங்கிய மயோகுளோபினை இஎஸ்ஐயில் விட்டால் 1060.5, 1131.1 என்று அடுத்தடுத்த பீக்குகள் வரிசையாக நிற்கும். இரண்டுக்கும் வித்தியாசம் 70.6. சிறிய எண்ணிலிருந்து ஒரு புரோட்டானைக் கழித்து (1059.5) அந்த வித்தியாசத்தால் வகுத்தால் 15. அதுதான் பெரிய பீக்கின் மின்சுமை. 1131.1-லிருந்து 1.007-ஐக் கழித்து 15-ஆல் பெருக்கினால் 16,951 வருகிறது. மென்பொருள் இதை நொடியில் செய்துவிடும். ஆனாலும் ஒருமுறை கையால் போட்டுப் பார்த்தவர்களுக்குத்தான் மென்பொருள் தவறு செய்யும்போது கண்ணில் படும்.

மாதிரியே இல்லாமல் வரும் எண்களும் உண்டு. 149-உம் 391-உம் பிளாஸ்டிக்கின் தாலேட்டுகள். 371-உம் 445-உம் காற்றில் திரியும் சிலிக்கான் சேர்மங்கள். 44 இடைவெளியில் சீப்புப் பல் போல வரிசை நின்றால் பாலிஎத்திலீன் கிளைக்கால்; பெரும்பாலும் ஏதாவது சோப்பிலிருந்து வந்திருக்கும்.

ஏழாம் படி: அயனி அடக்கத்தைச் சோதியுங்கள்

இந்தப் படியைத் தவிர்த்துவிட்டு வெளியிடும் முடிவுகளை நான் நம்புவதில்லை. தூய கரைப்பானில் அருமையாக வரும் சிக்னல், ரத்தப் பிளாஸ்மாவிலோ மிளகாய்ப் பொடியிலோ பாதியாகலாம். கூடவே வெளியேறும் வேறு பொருட்கள் துளியின் மேற்பரப்பில் இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. குரோமட்டோகிராமில் அவை தெரியவே மாட்டா, ஏனென்றால் நாம் அவற்றின் எண்ணைப் பார்ப்பதில்லை.

முதலில் கண்ணால் பாருங்கள். நம் பொருளை டி-இணைப்பில் தொடர்ந்து செலுத்திக்கொண்டே, நம் பொருள் இல்லாத பிளாங்க் மாதிரியின் சாற்றைக் குழாயில் ஏற்றுங்கள். நேர்கோடாக ஓட வேண்டிய சிக்னல் எங்கெல்லாம் பள்ளம் விழுகிறதோ, அங்கெல்லாம் அடக்கம் நடக்கிறது. முதல் ஒரு நிமிடத்தில் பள்ளம் நிச்சயம், அது உப்பு. அந்த ஒரு நிமிடத்தை வால்வைத் திருப்பிக் கழிவுக்கு அனுப்பிவிடுங்கள். பிளாஸ்மாவில் இன்னொரு பள்ளம் கிரேடியன்ட்டின் பிற்பகுதியில் வரும், அங்கே பாஸ்போலிப்பிடுகள். 184, 496, 524 ஆகிய எண்களைக் கண்காணித்தால் அவை எங்கே இறங்குகின்றன என்று தெரிந்துவிடும். நம் பீக் அந்தப் பள்ளத்துக்குள் விழாதபடி கிரேடியன்ட்டை நகர்த்துங்கள். இப்போதுதான் குழாயைப் பற்றிக் கவலைப்பட வேண்டிய நேரம்.

பிறகு எண்ணால் அளங்கள். மூன்று தொகுதிகள் போதும். மட்டுஷெவ்ஸ்கி 2003-ல் வகுத்துத் தந்த முறை. முதலாவது, தூய கரைப்பானில் பொருள். இரண்டாவது, பிளாங்க்கைப் பிரித்தெடுத்து முடித்த பின் சேர்த்த பொருள். மூன்றாவது, பிரித்தெடுக்கும் முன்பே சேர்த்த பொருள். பரப்பளவுகள் முறையே 1,00,000, 62,000, 55,800 என்று வந்ததாக வையுங்கள். இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் 62 சதவீதம், அதாவது 38 சதவீதம் சோர்ஸில் அடங்கிப்போகிறது. மூன்றாவதை இரண்டாவதால் வகுத்தால் 90 சதவீதம். பிரித்தெடுப்பு நன்றாகவே இருக்கிறது. இதைப் பிரித்துப் பார்க்காதவர்கள், மொத்தம் 55.8 என்பதை மட்டும் கண்டு, பிரித்தெடுப்பு சரியில்லை என்று மாதக்கணக்கில் அதையே மாற்றிக்கொண்டிருப்பார்கள்.

தீர்வுகளில் எளியது, மாதிரியை 10 மடங்கு நீர்த்துப் பார்ப்பது. சிக்னல் 10 மடங்கு குறையாமல் 4 மடங்கு மட்டுமே குறைந்தால், அடக்கம் இருந்தது என்பதும் உறுதியாகும், தீர்வும் கிடைத்துவிடும். அது போதாவிட்டால் திண்ம நிலைப் பிரித்தெடுப்பு. ஏபிசிஐயில் அயனியாக்கம் வாயு நிலையில் நடப்பதால் அடக்கம் பொதுவாகக் குறைவு. சோர்ஸை மாற்றிப் பார்ப்பதும் ஒரு தீர்வுதான். எல்லாவற்றுக்கும் மேல், ஐசோடோப் ஏற்றிய இன்டர்னல் ஸ்டாண்டர்டு (தெரிந்த அளவில் மாதிரியோடு சேர்க்கும் ஒப்பீட்டுப் பொருள்). டியூட்டீரியம் ஏற்றியது சில சமயம் நம் பொருளுக்குச் சற்று முன்பே வெளியேறிவிடும்; பள்ளத்தின் விளிம்பில் இருந்தால் இரண்டும் வெவ்வேறு அளவு அடக்கத்தைச் சந்திக்கும். கட்டுப்படியானால் கார்பன்-13 ஏற்றியதை வாங்குங்கள்.

சோர்ஸைக் கவனித்துக்கொள்வது

ஒவ்வொரு நாள் வேலை முடிந்ததும் சரிபாதி மெத்தனாலும் நீரும் அரை மணி நேரம் ஓட விட்டு, ஆறிய பிறகு நுழைவாயின் வெளிப்புறத்தைப் பஞ்சு இழை உதிராத துணியால் துடைத்துவிடுங்கள். ஆறிய பிறகு என்பதை அழுத்திச் சொல்கிறேன். ஏபிசிஐ ஆவியாக்கி நிறுத்தி வெகுநேரம் கழித்தும் கையைச் சுடும். இஎஸ்ஐ ஊசி முனையை வாரம் ஒருமுறை உருப்பெருக்கியில் பாருங்கள். ஸ்பிரே ஒரு பக்கமாகச் சாய்ந்தால் முனையில் படிவு இருக்கிறது. கொரோனா ஊசி மழுங்கினால் மெல்லிய உப்புத்தாளால் கூராக்கலாம், இல்லையென்றால் மாற்றிவிடுங்கள்.

சோர்ஸிலிருந்து வெளியேறும் ஆவிக்கும் வெற்றிட பம்ப்பின் புகைக்கும் தனித்தனிக் குழாய் வேண்டும். ஏபிபிஐயில் டொலுவீன் ஓடும் நாட்களில் அது அறைக்குள் திரும்பி வரக் கூடாது. ஹெக்சேன் கலந்த மொபைல் ஃபேஸை ஏபிசிஐயில் ஓட்டுவதாக இருந்தால், சோர்ஸில் நைட்ரஜன் மட்டுமே இருப்பதை உறுதி செய்த பின்புதான் கொரோனாவைப் போட வேண்டும். சூடும் பொறியும் காற்றும் ஓரிடத்தில் கூடினால் தீப்பிடிக்கும். நைட்ரஜன் இடைவிடாது ஓடும் அறை என்பதால், காற்றோட்டம் நிற்கும் நாளில் கருவியையும் நிறுத்திவிடுங்கள்.

அந்த வைட்டமின் டி3 வேலை கடைசியில் எப்படி முடிந்தது என்று கேட்டால்: ஏபிசிஐ, மெத்தனால், 0.1 சதவீத ஃபார்மிக் அமிலம், ஆவியாக்கி 400 டிகிரி. கிரேடியன்ட் அவள் முதல் வாரத்தில் போட்டதேதான், ஒரு வரிகூட மாற்றவில்லை.